துருவிப் பாறை

வரலாறு ஒருபோதும் பொய் சொல்வதில்லை. இந்த வாசகம் வட்டார வரலாற்றுப் பேரவையின் கூட்ட அறையில், தலைவரின் நாற்காலிக்கு நேர் மேலே, தங்க நிற எழுத்தில் மின்னிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. அது ஆடாமலிருக்க ஒரு வரலாற்று நூலை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்த நூலை எழுதியவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊர் அவரைக் 'கண்ணாடி' என்றே கூப்பிட்டது. ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் அவருடைய கைவேலைதான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தக் கைவேலை வழியாக அவர் எழுதியதைப் படித்தவர் ஒருவரைக் காட்டச் சொன்னால் கண்ணாடிக்கு முழி பிதுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கண்ட இடமெல்லாம் சுற்றி, கண்டவர்களிடமெல்லாம் கதை கேட்டு, சொந்தச் செலவில் மூன்று புத்தகம் போட்டிருந்தார். ஊர் வரலாறு ஒன்று. ஊராரின் நம்பிக்கைகள் ஒன்று. மூன்றாவது, ஊரை ஒட்டிய மலையில் ஏறி இறங்கும் பாதைகளைப் பற்றியது. முதல் இரண்டும் வீட்டு அலமாரியை அடைத்துக்கொண்டன. மூன்றாவது கட்டுக்கட்டாக வந்து இறங்கியதும் அவர் மனைவி கட்டிலுக்கடியைக் காலி செய்து கொடுத்தாள்.

"கண்ணாடி வாங்கினா புத்தகம் இலவசம்னு போடுங்க" என்றாள். "புத்தகம் வாங்கினா கண்ணாடி இலவசம்னு போட்டா, நம்ம ஊர்ல கண்ணாடியே வேண்டாம்னுடுவாங்க."

கடையில் ரசீது, விலைச்சீட்டு, 'சாப்பிடப் போயிருக்கிறோம்' அட்டை எல்லாமே அவள் கையெழுத்துதான். "நீங்க லென்ஸைப் பாருங்க, எழுத்தை நான் பாத்துக்கறேன்" என்பது கல்யாணமான புதிதிலேயே ஏற்பட்ட உடன்படிக்கை. அதற்கு என்ன காரணம் என்று கண்ணாடி கேட்டதில்லை. புத்தகங்களை மட்டும் அவளிடம் காட்டாமல் எழுதினார். எழுத்தாளனுக்கென்று ஒரு சுதந்திரம் வேண்டாமா?

மூன்றாவது புத்தகத்தில் அவர் உயிரை விட்டு எழுதியது ஒரே ஓர் அத்தியாயம். மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு தட்டைப் பாறை உண்டு. முன்னொரு காலத்தில் அங்கே ஒரு துறவி இருந்தார். எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. அவர் எதையுமே சொல்லவில்லை. சண்டை, சச்சரவு, பிள்ளை சரியில்லை, புருஷன் சரியில்லை என்று யார் ஏறிப் போனாலும், கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுப்பார். அவ்வளவுதான் அவருடைய உபதேசம். பழைய கடை தீப்பிடித்துச் சாம்பலான வருஷம் கண்ணாடியும் தினமும் அந்தப் பாறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் அவருக்குப் புத்திமதி சொல்லாத ஒரே இடம் அதுதான். அந்த நன்றிக்காக எழுதிய அத்தியாயம் அது.

இப்படி இருக்கையில் ஒருநாள் பேரவையின் செயலாளர் கடைக்குள் நுழைந்தார். கண்ணாடி மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார் கண்ணாடி.

"வாழ்த்துகள்" என்றார் செயலாளர். "உங்கள் நூலைப் பேரவை ஒருமனதாகக் கண்டுபிடித்திருக்கிறது."

"கட்டிலுக்கடியிலயா?" என்றாள் மனைவி.

செயலாளர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டிய பதவி அவருடையது. தலைவர் படிக்கிற கண்ணாடி வாங்கியபோது இலவசமாகப் போன பிரதியைத்தான் பேரவை கண்டுபிடித்திருந்தது. ஒருநாள் தொலைக்காட்சி பழுதாகிவிட்டதால் தலைவர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் அசந்துபோய் அவசரக் கூட்டம் போட்டுவிட்டார்.

"உங்களுக்குத் 'துருவிச் செம்மல்' பட்டம் தருவதாகத் தீர்மானம்."

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "எல்லாரையும் துருவித் துருவிக் கேட்டு எழுதினேன்ல, அதுக்காகவா?"

"இல்லை. துருவியைப் பற்றி எழுதியதற்காக."

"எந்தத் துருவி?"

"பாறையில் வாழ்ந்த துருவி."

செயலாளர் போனதும் கண்ணாடி ஒரு பிரதியை எடுத்து அந்த அத்தியாயத்தைத் திறந்தார். அச்சாகி வந்த நாளிலிருந்து அட்டையைத் தடவிப் பார்த்திருக்கிறாரே தவிர உள்ளே பார்த்ததில்லை. உள்ளே இப்படி இருந்தது:

'இந்தப் பாறையில் ஒரு துருவி வாழ்ந்தார். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாரத்தோடு வந்தவர்களெல்லாம் துருவியிடம் சிறிது நேரம் இருந்துவிட்டு, லேசாகித் திரும்பினார்கள். வெயிலிலும் மழையிலும் துருவி அந்த இடத்தை விட்டு அசையவில்லை.'

அத்தியாயம் முழுக்கத் துருவிதான். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நம்ம வீட்லயும் ஒருத்தர் இருக்கார். கொக்கியில தொங்கிக்கிட்டு, பாவம், அவரும் பேசவே மாட்டார்."

கண்ணாடி நேராக அச்சகத்துக்குப் போனார். அச்சகம் மனைவியின் தம்பியுடையது.

"ஏன்டா மாப்ளே, துறவியைத் துருவியாக்கிட்டியேடா!"

மச்சினன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தான். "அத்தான், நான் சும்மா ஒண்ணும் மாத்தல. நீங்க எழுதிக் குடுத்த வார்த்தை எந்த அகராதியிலயும் இல்ல. அதுக்குப் பக்கத்துல எது இருக்குன்னு பாத்துப் போட்டேன்."

"பக்கத்துல துருவிதான் இருந்துதா? துறவி இல்லியா?"

"அவர் கொஞ்சம் தள்ளி இருந்தார்."

"மடையா, பாறைமேல உக்காந்து துருவி என்னடா பண்ணும்?"

"எழுத்தாளருங்க என்னென்னமோ எழுதறீங்க. போன மாசம் ஒரு கவிஞர் 'நிலா என் தோளில் இருமியது'ன்னு குடுத்தார். போட்டுக் குடுத்தேன். அதுக்கு உங்க துருவி எவ்வளவோ தேவல. இது ஒண்ணு உங்க கண்ணுல பட்டுடுச்சு. மத்தபடி நான் எத்தனை சரி பண்ணியிருக்கேன் தெரியுமா அத்தான்? அந்தப் பா..."

"வாயை மூடு! என் எழுத்தைச் சரி பண்றதுக்கு நீ யாரு?"

மச்சினன், அக்காவின் புருஷன் என்பதால் இயந்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக ஓடவிட்டதோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரமே கண்ணாடி பேரவைக் கூட்டத்துக்குப் போனார். போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும், படித்தவர்கள், புரிந்துகொள்வார்கள் என்று நம்பினார். கூட்டம் மௌன அஞ்சலியோடு தொடங்கியது. பேரவையோடு கருத்து வேறுபட்ட வரலாற்றாசிரியர்களுக்காகச் செலுத்தப்படும் அஞ்சலி அது. அவர்களில் ஒருவர் உயிரோடுதான் இருந்தார். கடைசி வரிசையில் எழுந்து நின்று தனக்காகத் தானும் தலை குனிந்துகொண்டார்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு கண்ணாடி எழுந்தார். "ஐயா, அது அச்சுப்பிழை. துருவி இல்ல, துறவி."

தலைவர் தம் கண்ணாடியைக் கழற்றி, அதைச் செய்தவரையே அதனால் சுட்டினார். "நீங்கள் எந்த முறையில் பேசுகிறீர்கள்?"

"நூலாசிரியர்ங்க."

"அச்சாகும் வரைதான் நீங்கள் ஆசிரியர். அச்சான பிறகு ஒரு வாசகர். அதிலும் கவனக்குறைவான வாசகர். நாங்கள் படித்து முடித்துத் தீர்மானமும் போட்ட பிறகுதானே நீங்கள் படித்தீர்கள்?"

அது உண்மை என்பதுதான் தொல்லை.

மொழியியல் உறுப்பினர் பேனாவைத் திறந்தார். "துறவி என்கிறீர்களே, அதற்குச் சின்ன ரவா, பெரிய றவா?"

கண்ணாடி வாயைத் திறந்தார். மூடினார். "சாமியார் சார்" என்றார்.

"எழுத்தைக் கேட்டேன்."

"எல்லாத்தையும் விட்டவர் சார்!"

"எழுத்தையும் விட்டுவிட்டார் போலிருக்கிறது" என்றார் உறுப்பினர். அறை சிரித்தது. செயலாளர் மட்டும் தலைவர் முகத்தைப் பார்த்து, அனுமதி கிடைத்ததும் சிரித்தார். மொழியியல் உறுப்பினர் தொடர்ந்தார்: "நண்பர்களே, நூலில் 'துருவி வாழ்ந்தது' என்று இல்லை. 'வாழ்ந்தார்' என்றிருக்கிறது. ஒரு சமையல் கருவிக்கு மரியாதை விகுதி! உலகில் வேறு எந்த நாகரிகம் தன் பாத்திரங்களை 'அவர்' என்று அழைத்தது? 'பாரத்தோடு வந்தவர்கள் லேசாகித் திரும்பினார்கள்.' இதைவிடத் துல்லியமாகத் துருவுதலை யார் வர்ணிக்க முடியும்?"

"வெயிலிலும் மழையிலும் அசையவில்லை" என்றார் அவருக்குப் பக்கத்திலிருந்தவர். "ஆகவே துருப்பிடிக்காத உலோகம். அந்தக் காலத்திலேயே!"

கைதட்டல் அடங்கியதும் தலைவர் எழுந்தார். அவர் எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும். அவர் உட்காராமல் பேசியதால் எல்லாரும் நின்றே கேட்டார்கள்.

"இந்தப் பேரவை தொடங்கிய நாள் முதல் ஒரு தவறுகூடச் செய்ததில்லை. ஏதாவது தவறு என்று தெரிய வந்தால், அடுத்த கணமே அதைத் தீர்மானமாக நிறைவேற்றிவிடுகிறோம். தீர்மானமான பிறகு அது தவறில்லை, மரபு. நண்பர் துறவி என்கிறார். இருக்கட்டும். துறவிகள் எந்த ஊரில் இல்லை? பக்கத்து ஊரில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அதற்கடுத்த ஊரில் ஒருவர் தண்ணீர்மேல் நடந்தாராம். நாம் ஒரு வாய் பேசாதவரை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்கவா? துருவி நமக்கு மட்டும்தான் உண்டு. அற்ப உண்மைக்காக ஊரின் பெருமையை விட்டுக்கொடுக்க நான் என்ன வரலாறு தெரியாதவனா?"

பிறகு தீர்மானம் வாசிக்கப்பட்டது. பாறைக்கு முன்னால் 'துருவிப் பாறை' என்று பெயர்ப் பலகை வைத்துத் திறப்பது. திறந்த கையோடு பாறையின் நட்டநடுவில் துளை போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு எஃகுத் துருவியை நிறுவுவது.

"துளையா?" என்றார் கண்ணாடி. "அங்கேதான் சார் அவர் உக்காந்திருந்தார். எல்லாரும் அங்கேதான் உக்காருவாங்க."

"இனி உட்கார முடியாது. கிழித்துவிடும்" என்றார் செயலாளர் அக்கறையோடு. "அதற்கும் எச்சரிக்கைப் பலகை உண்டு. பேரவை விதிப்படி, திரை விலகிய பிறகு பலகையில் இருப்பதே வரலாறு. அதை மறுக்கத் தலைவருக்குக்கூட உரிமை கிடையாது."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் தலைவரின் நாற்காலிக்கு அடியில் மிதிபட்டுக்கொண்டிருந்தது தன் முதல் புத்தகம் என்பதைக் கண்ணாடி கவனித்தார்.

அடுத்தது கள ஆய்வு. தலைவர் மலை ஏறினார். அவருடைய நாற்காலியும் ஏறியது. நாற்காலிக்கு முட்டுக் கொடுத்த நூலும் தனியாக ஒருவர் கையில் ஏறியது. கண்ணாடியும் பின்னாலேயே போனார். பாறை சொரசொரப்பாக இருப்பதை உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து, ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

"காரட்" என்றார் தலைவர்.

செயலாளர் பையிலிருந்து ஒரு காரட்டை எடுத்துப் பாறையில் தேய்த்தார். மழை பெய்து வழுக்கிக்கொண்டிருந்த பாறை. காரட் கை நழுவிப் பள்ளத்தில் உருண்டது. செயலாளரின் விரல் முட்டிதான் உரிந்தது.

"ஐயோ!" என்றார் கண்ணாடி. "தண்ணி ஊத்துங்க சார்!"

"கழுவாதீர்கள்!" என்று அலறினார் மொழியியல் உறுப்பினர். "சான்று!"

பாறை இன்றைக்கும் துருவுகிறது என்றும், பண்டைக்காலத்தில் அது காய்கறியோடு நின்றிருக்க வாய்ப்பில்லை என்றும் பதிவு செய்யப்பட்டது. செயலாளர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி அதற்கு ஆதரவாக வாக்களித்தார்.

எல்லாரும் இறங்கிய பிறகு கண்ணாடி மட்டும் பாறையில் உட்கார்ந்தார். ஈரம் வேட்டியில் ஏறியது. துளை போட வேண்டிய இடத்தில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். சரியாக அவர் வழக்கமாக உட்காரும் இடம். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்காருவது அவருடைய பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, காலால் அந்தக் குறியைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"நான் விடப்போறதில்ல" என்றார் வீட்டுக்கு வந்ததும். "பட்டமும் வேணாம், மண்ணும் வேணாம். அவங்க பலகை, அவங்க விதி. திரை விலகும்போது அதுல துறவின்னு இருக்கணும். இருந்தா துருவியைத் தூக்கிக்கிட்டு இறங்க வேண்டியதுதான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கடை எரிந்த வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு முகத்தை அவள் பார்க்கவில்லை. "செய்யுங்க" என்றாள். "என்ன ஆனாலும் சரி. ஆனா அன்னிக்கு அந்த ஆளு கேட்டாரே, பெரிய றன்னு பட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவசரத்துல வரல."

"எழுதறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

"துறவி. பெரிய ற. எனக்குத் தெரியாதா?" என்றார் கண்ணாடி. இருந்தாலும் அந்த வாரம் முழுக்க, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் கடைச் சுவரைப் பார்த்து விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தார். கண் பரிசோதனை அட்டையின் உச்சியில் இருந்த எழுத்து பெரிய ற. இத்தனை வருஷமாக ஊரையே அதைப் படிக்க வைத்தவர் அவர்தான்.

திறப்புவிழாவுக்குக் கூட்டம் கூடியிருந்தது. பலகை நீலத் திரைக்குப் பின்னால் இருந்தது. பாறைக்குப் பக்கத்தில் எஃகுத் துருவி கயிற்றுக்கட்டோடு சாய்ந்து கிடக்க, துளை போடுகிறவர் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனைவியும் மச்சினனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் பேசத் தொடங்கினார். அவர் கற்காலத்தில் இருந்தபோது கண்ணாடி கூட்டத்தை விட்டு நழுவினார். உலோகக் காலம் வருவதற்குள் சாய டப்பாக்களோடு திரைக்குப் பின்னால் போய்விட்டார். டப்பா மூடியைத் திறந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டுவிடுமோ என்று பயந்தார். முதலில் பிசகான எழுத்தை மட்டும் மாற்றத்தான் நினைத்திருந்தார். பிறகு ஒரு வீம்பு வந்தது. இவர்கள் எழுதியதில் ஒரு சுழிகூட மிச்சமிருக்கக் கூடாது. பெயரை முழுக்க வெள்ளையால் அடித்துவிட்டு, புதிதாக, தம் கையாலேயே, கறுப்பில் எழுதினார். துறவிக்கு வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டு நின்று, நிதானித்து, ஒரு வாரப் பயிற்சியையும் இறக்கி வைத்தார். மிச்சம் தானாக வந்தது. வெளியே தலைவர், "இந்தத் துருவி நம்முடைய அடையாளம், நம்முடைய ஆன்மா" என்று முடித்துக்கொண்டிருந்தார்.

கயிறு இழுக்கப்பட்டது. திரை விலகியது. பலகைக்குப் பக்கத்தில் தூரிகையும் கறுப்புக் கையுமாகக் கண்ணாடி நின்றிருந்தார்.

பேரவையார் பார்த்தது பலகையை இல்லை, அந்தக் கறுப்புக் கையை.

"பிடிங்க அவரை!" என்று செயலாளர் கட்டுப்போட்ட கையை நீட்டினார்.

"பிடிக்கறதுக்கு முன்னால உங்க விதியைப் படிங்க சார்!" என்றார் கண்ணாடி. வாழ்நாளில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "திரை விலகின பிறகு பலகையில இருக்கறதுதான் வரலாறு. தலைவர்கூட மறுக்க முடியாது. நீங்க சொன்னதுதான். துருவி போயாச்சு. இங்க இருந்தவர் துறவி. பேசாதவர். அவருக்காக நான் பேசறேன். உங்க நாற்காலிக்கு முட்டுக் கொடுக்க என் புத்தகத்தை வச்சுக்குங்க, பரவால்ல. இந்தப் பாறையில துளை போட விடமாட்டேன். ஒரு எழுத்து மாறினா ஒரு மனுஷனே காணாமப் போயிடறான் சார்! எழுத்தோட விளையாடாதீங்க!"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். உயிரோடிருந்த அந்த மௌன அஞ்சலிக்காரராகத்தான் இருக்க வேண்டும். பிறகு எல்லாரும் தட்டினார்கள். துளை போடுகிறவர் கயிற்றை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். தலைவரின் முகம் கருத்தது.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் தலைவர் கடைசியில். எஃகுத் துருவி மலை இறங்கத் தொடங்கியது.

கண்ணாடி நிமிர்ந்து நின்று முன்வரிசையைப் பார்த்தார். மச்சினன் அக்காவின் காதில், "நான் அப்பவே சொல்ல வந்தேன், அத்தான் விடல" என்றான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனந்தத்தில் அழுகிறாள் என்று கண்ணாடி நினைத்துக்கொண்டார்.

அதற்குள் மொழியியல் உறுப்பினர் பலகைக்கு அருகில் வந்து, தம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு முறை படித்தார். திரும்பிப் போய்த் தலைவரிடம் ஏதோ சொன்னார். கருத்திருந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நிச்சயமாகவா?" என்றார் தலைவர். "பக்கத்து ஊர்த் துறவிகள் யாரிடமாவது இது இருந்திருக்கிறதா?"

"ஒருவரிடமும் இல்லை ஐயா. இது கடப்பாரையேதான்."

தலைவர் கண்ணாடியிடம் வந்து, சாயம் ஒட்டுவதையும் பொருட்படுத்தாமல் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு என்று புரியாமல் கண்ணாடி திரும்பித் தம் பலகையைப் பார்த்தார்.

துறவிக்குப் பெரிய ற போட்டிருந்தார். பாறைக்குச் சின்ன ர.